எதிராளி தங்கிய வீடு

கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியில் கந்தம்மாள் வீட்டுக்கு விருந்தாளி என்று ஒருவர் வந்து தங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் வந்தவரும் அவள் தம்பியை அடிப்பதற்காக மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்தவராக இருந்தார்.

ஏற்பாடு பழனி மயில்சாமியுடையது. அடிவாரத்தில் அவருக்குப் பாத்திரக்கடை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டம் சேரும்போது ராட்டினம், பொம்மலாட்டம், இரண்டு தலை ஆட்டுக்குட்டி என்று எதையாவது கொண்டுவந்து இறக்கி டிக்கெட் போடுவார். மே மாதத்துப் பழனி வெயிலில் ஈ ஓட்டுவதைவிடக் கொடைக்கானலில் சீசன் ஜனங்களுக்கு எதையாவது காட்டலாம் என்று சில வருஷமாக மலையேறி வந்துகொண்டிருந்தார். இந்த வருஷம் அவருக்குத் தோன்றியது குத்துச்சண்டை. தோன்றக் காரணம் கந்தம்மாளின் தம்பி பொன்னுவேல்.

பொன்னுவேல் மீசை முளைத்ததும் பட்டாளத்துக்குப் போனவன். அங்கே அவன் தோளையும் கையையும் பார்த்து யாரோ கையுறையை மாட்டிவிட்டார்கள். முதலில் ரெஜிமெண்டில் சாம்பியன், பிறகு ரெஜிமெண்டுகளுக்கு நடுவே சாம்பியன். ஜெயித்தால் ஒரு கோப்பையும், அந்த மாதம் முழுக்கக் கூடுதலாகப் பாலும் முட்டையும் கிடைக்கும். காசுக்காக அவன் யாரையும் அடித்ததில்லை. பட்டாளத்தை முடித்துக்கொண்டு திரும்பி வந்தவன் அப்பன் விட்டுப்போன படிக்கட்டு வயலில் அக்காளோடு கிழங்கும் பூண்டும் போட்டுக்கொண்டிருந்தான். கொண்டுவந்த கோப்பைகளில் ஒன்றில் கந்தம்மாள் கல்லுப்புப் போட்டு வைத்திருந்தாள். மற்றவை பரணில் கிடந்தன.

மயில்சாமி வந்த அன்று அக்காளும் தம்பியும் உருளைக்கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து மண் பதமாக இருந்தது. இந்தப் பதம் போனால் பிறகு மண் கட்டி தட்டிவிடும்.

"லாட்ஜு அம்புட்டையும் சீசன்காரங்க புடிச்சுட்டாங்க கந்தம்மா. ஒரு குதிரைக் கொட்டகைகூடக் காலி இல்ல. மெட்ராஸ்காரரு நாளைக்கு வந்துருவாரு. சண்டை முடியறவரைக்கும் ஒங்க வீட்டுல ஒரு ஓரமா கெடக்கட்டும்" என்றார் மயில்சாமி.

"எந்த மெட்ராஸ்காரரு?"

"முனிரத்தினம். நம்ம பொன்னுவேலோட மோதப் போறவரு."

கந்தம்மாள் களைக்கொத்தை மண்ணில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் தம்பிய அடிக்க வர்றவருக்கு நான் சோறாக்கிப் போடணுமாக்கும்?"

"அடிக்கிறது சனிக்கிழமைதானே? அதுவரைக்கும் அவரும் மனுசன்தானே?"

"நல்லா இருக்கு ஒங்க ஞாயம். ஏலே வேலு, இங்க வா. இவரு என்ன சொல்றாருன்னு கேளு."

மேல் பாத்தியிலிருந்து பொன்னுவேல் இறங்கி வராமலேயே பதில் சொன்னான். "இருந்துட்டுப் போகட்டும்க்கா. இந்தக் குளிருக்கு அவரு புதுசு. கண்ட எடத்துல படுத்தா நெஞ்சு கட்டிக்கிரும்."

கந்தம்மாள் மறுபடியும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள். தம்பியின் குத்துச்சண்டை அவளுக்குப் பிடித்த விஷயமில்லை. அவளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே அவள் வாங்காத அடியில்லை. அதை விட்டுவிட்டு வந்து இந்த மண்ணைக் கொத்தத் தொடங்கிய பிறகு, மனுஷர் மனுஷரை அடிப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் இருக்கிறது என்பதே அவளுக்கு விளங்கவில்லை. தம்பி சாந்தமானவன். மாட்டைக்கூட அடிக்காமல் அதட்டித்தான் ஓட்டுவான். கயிற்றுக்குள் நிற்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சந்தைக்குப் போய்த் திரும்பிய சுமைக் குதிரைகளுக்குப் பின்னால் தலையில் தகரப் பெட்டியும் மேலே ஒரு சாக்குமாக ஒருவர் சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். நல்ல உயரம். மூக்கு சப்பட்டையாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காதுமடல் இரண்டும் கன்றிப்போய்த் தடித்திருந்தன. வாசலில் நின்று பெட்டியை இறக்கியவர் தொடர்ந்து தும்மினார். தும்மல் நின்ற பிறகுதான் பேச முடிந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் நெருப்பு கெடைக்குமா?"

அவரை எப்படி வரவேற்பது என்று நேற்றிலிருந்து மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த கடுமையான வார்த்தைகள் கந்தம்மாளுக்கு மறந்துபோயின. "உள்ள வாங்கண்ணே, குனிஞ்சு வாங்க" என்றாள்.

அடுப்படியில் பூண்டுக் கட்டுகள் புகைக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. முனிரத்தினம் அவற்றில் முட்டிக்கொண்டு, "இன்னாம்மா இது, தோரணமா?" என்று சிரித்தார். அடுப்புக்கு முன் குந்தி இரண்டு கையையும் நீட்டினார். புறங்கை எலும்புகள் மேடு பள்ளமாக இருந்தன. கொஞ்சம் சூடேறியதும் பெட்டியைத் திறந்து ஓலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வஞ்சிரக் கருவாடு.

"எம் பொண்டாட்டி குடுத்தனுப்சா. அவ ராயபுரத்துல மீன் விக்கிறா. யாரு வூட்ல தங்குவியோ அவங்க கையில குடுன்னா. நான் ஓட்டல்ல தங்குவேன்னு சொன்னேன். இருந்தாலும் எட்த்துனு போன்னா."

அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். மலைப்பூண்டை உரித்து முழுசு முழுசாகப் போட்டிருந்தாள். தோட்டத்திலிருந்து வந்த பொன்னுவேல் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து வணக்கம் சொன்னான். முனிரத்தினம் எழுந்து நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதுபோல இருந்தது. அவனும் அப்படியேதான் அவரைப் பார்த்தான். பிறகு இருவரும் உட்கார்ந்து களியைப் பிய்த்தார்கள்.

"தம்பி பட்டாளத்துல எத்தினி வருசம் ஆடினே?"

"ஆறு வருசம் இருக்கும்ண்ணே."

"நான் பதினெட்டு வயசுலேர்ந்து ஆடறேன். ஆர்பர்ல மூட்டை தூக்கறது, சாயங்காலம் ஆடறது. ராயபுரத்துல நம்மள தெரியாத ஆளு கெடையாது." குழம்பை இன்னும் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். "ஒண்ணு பண்லாம். காலைல நீ மேல போய்ப் பழகு. நான் கீழ போறேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க வேணாம். சோத்துக்கு மட்டும் ஒண்ணா குந்துவோம். இன்னா சொல்றே?"

"சரிங்கண்ணே."

அப்படியே நடந்தது. வெள்ளனே எழுந்து பொன்னுவேல் மேலே பள்ளங்கி ஊர்ப் பக்கம் ஓடுவான். முனிரத்தினம் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்குவார். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பாதியிலேயே வந்துவிடுவார். "இங்க காத்தே கம்மியா கீது தங்கச்சி" என்பார். வெயில் வந்த பிறகு சும்மா இருக்க முடியாமல் அவரும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்கு வந்தார்.

"ஒங்களுக்கு எதுக்குண்ணே இந்தச் சோலி? கையில புண்ணு வந்துரப் போகுது."

"மூட்டை தூக்கற கையிம்மா இது. சும்மா குந்தினா குளிரு ஏறுது."

மண் அணைப்பது பார்க்க எளிதாகத் தெரியும். இரண்டு பக்கமும் இருந்து மண்ணை இழுத்துத் தண்டைச் சுற்றிக் கூட்ட வேண்டும். வேரில் கொத்துப் படக்கூடாது. முனிரத்தினம் ஒரு வரிசையை முடித்துக்கொண்டு போன பிறகு கந்தம்மாள் பின்னால் வந்து பார்த்தாள். வலப்பக்கத்துச் செடிகள் ஒழுங்காக நின்றன. இடப்பக்கத்தில் அங்கங்கே செடி வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடந்தது. பழக்கமில்லாத கை என்று நினைத்தாள். அடுத்த வரிசையிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கடுத்த வரிசையிலும் இடப்பக்கம் மட்டுமே வெட்டுப்பட்டிருந்தது.

சாயங்காலம் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோனபோது வேண்டுமென்றே இடது பக்கமிருந்து நீட்டினாள். டம்ளர் அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஆவி பறக்க நின்றது. அவர் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, காப்பி" என்று சொன்ன பிறகுதான் தலையை முழுசாகத் திருப்பி, "அட, எப்ப வந்தே நீ?" என்றார்.

கந்தம்மாள் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். இந்த மனுஷன் அந்தப் பக்கமிருந்து வரும் எதையும் பார்க்கமாட்டார். சனிக்கிழமை அந்தப் பக்கமிருந்து வரப்போவது அவள் தம்பியின் கை.

தம்பியிடம் சொல்லலாம். சொன்னால் அவன் அந்தப் பக்கமாகவே அடித்து ஜெயிப்பதற்கு அவளே வழி காட்டியதாக ஆகும். சொல்லாவிட்டால் அவன் தெரியாமலே அடித்து வைப்பான். மயில்சாமியிடம் சொன்னால் இவரை வெறுங்கையோடு ரயிலேற்றி விடுவார். வெள்ளிக்கிழமை தம்பி விறகைக் கொண்டுவந்து போட்டபோது, "ஏலே, அவரு..." என்று ஆரம்பித்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. விறகு நனையாம வையி."

அன்று மத்தியானமும் மழை. பொன்னுவேல் கயிறு, கொட்டகை பார்க்கக் கொடைக்கானலுக்குப் போயிருந்தான். முனிரத்தினம் அடுப்படியில் உட்கார்ந்து அவள் அவரைக்காய் உரிப்பதற்குக் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். கந்தம்மாள் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"கோவமே இல்லாம ஒரு ஆள எப்படி அடிக்கிறது?"

அவர் சிரித்தார். "கோவம் வந்தா தோத்துருவோம் தங்கச்சி. கோவக்காரன் கைய வீசி வீசி மொதல் ரவுண்டுலயே களைச்சுருவான். கோவமில்லாம அடிக்கிறவன்தான் நல்ல ஆட்டக்காரன்."

"எங்க வீட்டுக்காரருக்கும் கோவமே வராது" என்றாள் கந்தம்மாள். "நல்லா சாப்புட்டு, கை கழுவி, துண்டுல தொடச்சுட்டு வந்து அடிப்பாரு. அடிச்சு முடிச்சுட்டு வெத்தலை கேப்பாரு."

முனிரத்தினத்தின் கையில் அவரைக்காய் அப்படியே நின்றது. 

"அது வேற மா."

"வேறயா இருக்கலாம். அடி வாங்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எதுக்க நிக்கறவன் கையிலயும் கிளவுஸ் இருக்கும். நான் அவன அடிக்கலாம், அவன் என்ன அடிக்கலாம். வேணான்னா கயித்த வுட்டு எறங்கி வந்துரலாம். ஒன் கையில இன்னா இருந்துச்சி?"

"கரண்டி இருந்துச்சு."

"அத்தால ஒண்ணு வெச்சிருக்கலாமில்ல?"

"வச்சேன். ஒரு நா நெத்தியில பலமா ஒண்ணு வச்சேன். வச்சுட்டுத்தான் பஸ்சு ஏறுனேன்."

முனிரத்தினம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். புகை ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கந்தம்மாளும் சிரித்துவிட்டாள். அதை நினைத்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அக்கம் பக்கத்துல ஒருத்தரும் கேக்கலியா தங்கச்சி?"

"ரொம்ப மரியாதையான ஆளுங்கண்ணே. சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்குவாங்க. மறுநா குழாயடியில என் மூஞ்சி வீங்கிக் கெடக்கும். பாக்காத மாதிரியே தண்ணி புடிச்சுட்டுப் போவாங்க. நம்ம மனசு சங்கடப்படக் கூடாதுன்னு."

முனிரத்தினம் உரித்த அவரையைச் சட்டியில் போட்டார். அதில் பாதி சட்டிக்கு இடப்பக்கம் தரையில் விழுந்தது. கந்தம்மாள் அதைப் பொறுக்கிப் போட்டாள். 

சனிக்கிழமை மத்தியானமே சண்டை வைத்திருந்தார் மயில்சாமி. சாயங்காலமானால் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். கிழங்கு மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையை ஒழித்து நடுவே பலகை மேடை போட்டிருந்தார்கள். கொட்டகை முழுக்கக் கிழங்கு மண் வாசனை. மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு தட்டில் படிக்கல்லை அடுக்கி, மறுதட்டில் இருவரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து எடை பார்த்தார்கள். கம்பளிக் கோட்டுப் போட்ட சீசன்காரர்கள் நாற்காலியில் இருந்தார்கள். குதிரைக்காரர்கள், மூட்டை தூக்குபவர்கள், எஸ்டேட் ஆட்கள் பின்னால் நின்றார்கள். சந்தையில் கந்தம்மாளுக்குப் பக்கத்துக் கடை போடும் குப்பம்மாள்தான் அவளை வம்படியாக இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தம்பி மொத மொத காசுக்கு ஆடுறான். வீட்டாளு ஒருத்தி இருக்க வேணாமா? கண்ண மூடிக்கிட்டாவது ஒக்காரு" என்றாள் குப்பம்மாள்.

கந்தம்மாள் கண்ணை மூடவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நடுவராக நின்று இரண்டு பேருக்கும் ஏதோ சொன்னார். மணி அடித்தார்கள்.

கந்தம்மாள் முதலில் பார்த்தது தம்பியின் முகத்தைத்தான். அவள் பயந்த முகம் அங்கே இல்லை. நாற்றுக்குக் குழி தோண்டும்போது எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். உதட்டை மடித்துக் கடித்திருந்தான். மேடையில் இரண்டு பேரும் செருப்பில்லாத பிள்ளைகள் வரப்பில் நடப்பதுபோலக் காலை எடுத்து எடுத்து வைத்தார்கள். கை போனது தெரிவதற்குள் திரும்பி வந்துவிட்டது. தோலில் தோல் படும் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல.

முனிரத்தினத்துக்கு மூச்சு போதவில்லை என்றாலும் வித்தை போதுமானதாக இருந்தது. நின்ற இடத்திலேயே நின்று தம்பியை வரவழைத்துக் குத்தினார். இரண்டாவது ரவுண்டில் பொன்னுவேலின் புருவம் கிழிந்தது. குப்பம்மாள், "ஐயோ, ஒந் தம்பி ஏன் ஒரு பக்கமாவே சுத்துறான்? கயிறு கட்டின செக்கு மாடு மாதிரி" என்றாள்.

அப்போதுதான் கந்தம்மாளும் கவனித்தாள். பொன்னுவேல் அவருடைய வலப்பக்கமாகவே போனான். திரும்பவும் திரும்பவும் அவர் பார்க்கும் பக்கத்திலேயே போய் நின்றான். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "பட்டாளத்தாரே, அந்தப் பக்கமும் ஊரு இருக்கு!" என்று ஒரு குதிரைக்காரன் கத்தினான். நான்காவது ரவுண்டில் ஒரு சமயம் முனிரத்தினம் கால் சறுக்கித் திரும்பினார். அவருடைய இடது பக்கம் முழுசாகத் திறந்து கிடந்தது. பொன்னுவேலின் வலது கை கிளம்பியது. கிளம்பிய கை பாதி வழியில் நின்று, கீழே இறங்கியது. அவர் திரும்பி அவனைக் கண்டுபிடித்துத் தாடையில் ஒன்று வைத்தார். பொன்னுவேல் முழங்கால் மடங்கி எழுந்தான்.

கந்தம்மாள் குப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கும் தெரியும்.

கடைசி ரவுண்டு முடிந்ததும் நடுவர் முனிரத்தினத்தின் கையைத் தூக்கினார். சீசன்காரர்கள் கைதட்டினார்கள். நம்ம ஊர்ப் பையன் தோற்றுப்போனான் என்று பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் படுதா கட்டிய மறைப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். கந்தம்மாள் வெந்நீர் வாங்கி வந்து உப்புப் போட்டுத் துணியை நனைத்து முதலில் தம்பியின் புருவத்தையும், பிறகு முனிரத்தினத்தின் உதட்டையும் துடைத்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

"நல்லா ஆடினே தம்பி. ஆனா கைய அடக்கிக்கினே ஆடினே. இன்னா, குளிரா?" என்றார் முனிரத்தினம்.

"ஆமாண்ணே, குளிருதான்" என்றான் பொன்னுவேல்.

மயில்சாமி படுதாவை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். "அண்ணே, பிரமாதம்! மதுரையில அடுத்த மாசம் இதைவிடப் பெருசா ஒண்ணு வைக்கிறேன். பெங்களூர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், இருபத்திரண்டு வயசு. குத்துனா சுவரு இடியும்ங்கிறாங்க. அவனும் நீங்களும். நோட்டீசு அடிச்சுரவா?"

"அடி. நான் ரெடி" என்றார் முனிரத்தினம். அவர் குரலில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கிடைத்த சந்தோஷம் தெரிந்தது.

பொன்னுவேல் தலையைக் குனிந்து கைக்கட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.  கந்தம்மாள் அவனைப் பார்த்தாள். அவிழ்ந்து முடிந்த துணியை அவன் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தான்.

"அவருக்கு எடது கண்ணு தெரியாதுங்க" என்றாள் கந்தம்மாள்.

வெந்நீர்ப் பாத்திரத்தில் துணியை முக்கிக்கொண்டே சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

"யாரு சொன்னா? சும்மா சொல்லுது அது. புகையில கண்ணு கலங்கிச்சு, அவ்ளோதான்" என்றார் முனிரத்தினம்.

மயில்சாமி வியாபாரி. ஒரு வார்த்தை பேசாமல் அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றார். "நேரா பாருங்கண்ணே. திரும்பாதீங்க. என் கையில எத்தனை வெரலு நிக்குது?"

முனிரத்தினம் ஒரு கணம் யோசித்தார்.

"ரெண்டு."

மயில்சாமி கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையும் அவருடைய கோட்டுப் பைக்குள்தான் இருந்தன.

 தகரத்தில் மழை சொட்ட ஆரம்பித்தது. தான் சொன்னது தப்பு என்று அவர்கள் முகத்திலிருந்தே முனிரத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது. மயில்சாமி, "மதுரை வேணாம்ண்ணே. ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது. இன்னிக்குப் பேசின காசைக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"தங்கச்சி" என்றார் முனிரத்தினம். "ஒன் கையால சோறு துன்னேனே."

"ஆமாண்ணே. அதான் சொன்னேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தகரப் பெட்டியைத் தூக்கினார். அன்றைக்கு அவர் வில்பட்டிக்கு வரவில்லை.

அக்காளும் தம்பியும் மட்டும் சேற்றுப் பாதையில் இறங்கினார்கள். வேலப்பர் கோயில் தெரிகிற வளைவு வந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் கந்தம்மாள்.

"வந்த அன்னிக்கே தெரியும்க்கா. சாப்புடறப்ப எடது பக்கம் இருந்த தண்ணிச் செம்பைக் கையாலே தடவித் தேடுனாரு."

"எங்கிட்ட சொல்லல."

"நீயும்தான் எங்கிட்ட சொல்லல."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பொன்னுவேல் நின்றான்.

"அவரு மானத்தை வாங்கிட்டோம்க்கா. பதினெட்டு வயசுலருந்து ஆடுற மனுசன். அவரா நிறுத்திருப்பாரு."

"நீ இன்னிக்குக் கைய நிறுத்துனே. நான் பாத்தேன். ஒன்னைக் குத்தம் சொல்லல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பெங்களூர்ப் பையன் நிறுத்துவானாடா?"

பொன்னுவேல் அக்காளின் கையிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் சந்தை நாள். பறித்த பீன்ஸையும் முள்ளங்கியையும் இரண்டு பேரும் வெள்ளனே சுமந்துகொண்டு போய்க் கடை விரித்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. பொன்னுவேலின் கண் வீங்கி மூடிக் கிடந்தது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காய்க்கு விலை கேட்டார்கள். அதனால் வியாபாரம் கெடவில்லை.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் முனிரத்தினம் எதிர்வரிசையில் காப்பிக் கடை பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி குதிரைக் கொட்டகையில் படுத்ததில் ஒட்டிய வைக்கோல் தூசி அவர் தலையில் இருந்தது. கந்தம்மாள் கூப்பிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் மயில்சாமி வந்துவிட்டார். வந்தவர் அவள் கடை முன்னால் நின்று, பெஞ்சில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் பேசினார்.

"பொன்னுவேலு, நோட்டீசுக்குச் சொல்லியாச்சு. மதுரையில கொட்டகை புடிச்சாச்சு. ஆளுதான் இப்ப இல்ல. அந்தப் பெங்களூர்ப் பையனோட நீ ஆடு. நேத்து நீ வாங்குன அடிய வாங்கிட்டு நின்னியே, அந்தத் தெம்பு போதும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு."

அவர் போன பிறகு முனிரத்தினம் எழுந்து வந்தார். கடைக்கு முன்னால் நின்று பீன்ஸ் குவியலைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சுக்கினே கெடந்தேன், இந்தப் பொண்ணு ஏன் இப்படிப் பண்ணிச்சின்னு. இப்பப் புரிஞ்சிச்சி" என்றார். குரலில் கோபமே இல்லை. "தம்பிக்கு ஒரு எடம் வேணும். நல்லாத்தான் பண்ணே."

"அப்படி இல்லண்ணே" என்று பொன்னுவேல் எழுந்தான்.

கந்தம்மாள் வாயைத் திறந்தாள். சத்தியம் பண்ணலாம். வேலப்பர்மேல் ஆணையிட்டுச் சொல்லலாம். சொன்னாலும் அந்த மனுஷன் நம்பமாட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. "பாத்துப் போங்கண்ணே. வீட்டுல அண்ணிகிட்ட கண்ணைப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். இடது பக்கமிருந்து வந்த கூலிக்காரரின் கூடையில் மோதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பஸ் புகையை விட்டுக்கொண்டு கிளம்பியதைக் கந்தம்மாள் எழுந்து நின்று பார்த்தாள். அவர் எந்த ஜன்னலில் இருந்தார் என்று தெரியவில்லை.

பொன்னுவேல் சாக்கின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"மயில்சாமிகிட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்துரவாக்கா?"

"ஒனக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

அவன் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "இருக்கு. நேத்து நான் ஆடவே இல்லைக்கா. ஒரு தடவையாவது ஒழுங்கா ஆடிப் பாக்கணும்."

"அப்பறம் என்ன?"

"அவரு அப்படி நெனச்சுட்டுப் போறாரே. நான் போனா அவரு நெனச்சது நெசம்னு ஆயிரும். ஊரும் அதையே சொல்லும்."

கந்தம்மாள் சரிந்த பீன்ஸைக் குவித்து வைத்தாள். இதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி போகாமல் இருந்தால் அவள் பேர் கெடாது. அவர் மெட்ராஸில் கேள்விப்பட்டு ஒருநாள் புரிந்துகொள்ளவும் கூடும். அதற்காக இவன் ஆசையை இந்தப் பாத்தியிலேயே போட்டுப் புதைக்கச் சொல்வதா? ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தாள். அது நாரில்லாமல் ஒடிந்தது.

"நெனச்சுட்டுப் போகட்டும்டா" என்றாள். "என்னைத் திட்டிக்கிட்டே மிச்சக் கண்ணோட நூறு வருசம் இருக்கட்டும். நீ போ."

பொன்னுவேல் அக்காளை ஒரு கண்ணால் பார்த்தான். மறு கண் வீங்கியிருந்தது.

"அந்தப் பையனுக்குக் கண்ணு காது எல்லாம் நல்லாத்தானே இருக்கும்?" என்று கேட்டாள் அவள்.

"யாருக்குத் தெரியும்? போய்த்தான் பாக்கணும்."

"அப்ப நானும் வாரேன். கெழங்குக்கு மண் அணைச்சு முடிஞ்சுரும், தண்ணிய மழை பாத்துக்கிரும். மதுரைக்கு எத்தனை மணிக்குப் பஸ்சுன்னு கேட்டு வையி."

கம்பளித் தொப்பி போட்ட ஒரு சீசன்கார அம்மாள் கடை முன்னால் வந்து நின்று, பீன்ஸ் முற்றலா என்று கேட்டாள்.

"முத்தலாவது! இன்னிக்கு வெள்ளனே பறிச்சதுங்க. ஒடிச்சுப் பாருங்க" என்று கந்தம்மாள் தராசைத் தூக்கினாள்.